20 ஜி-யில் செவ்வாய்க்குப் போக முடியுமா?

கேள்வி: விண்வெளிக் கதை ஒன்று எழுதுகிறேன். என் நாயகி 20 ஜி முடுக்கத்தில், படுத்தபடியே, ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து செவ்வாயை அடைகிறாள். உடம்பு தாங்குமா?

பதில்: தாங்காது. 1 ஜி என்றால் பூமியில் நாம் உணரும் வழக்கமான எடை, 20 ஜி என்றால் அதைப்போல 20 மடங்கு. ஆனால் இடிப்பது 20 என்ற எண் இல்லை, 'ஒரு நாள் முழுக்க' என்பதுதான். 1954 டிசம்பர் 10-ல் அமெரிக்க விமானப்படை டாக்டர் ஜான் ஸ்டாப், ராக்கெட் பொருத்திய தண்டவாள வண்டியில் மணிக்கு 1,000 கி.மீ.க்கு மேல் போய் 1.4 வினாடியில் நின்றார், உச்சத்தில் 46 ஜி. கண்ணில் ரத்தம் கட்டிக் கொஞ்ச நேரம் பார்வையே போய்விட்டது, ஆனால் மனிதர் தேறிவிட்டார், 89 வயது வரை வாழ்ந்தார். கண்ணிமைக்கும் நேரம் என்பதால்தான் பிழைத்தார்.

நீங்கள் அவளைப் படுக்க வைத்தது ரொம்பச் சரி. உட்கார்ந்திருந்தால் இதயத்திலிருந்து மூளைக்கு ஏறத்தாழ 30 செ.மீ. உயரம், 5 ஜி-யில் ரத்தமும் ஐந்து மடங்கு கனமாகி மேலே ஏறாது, முதலில் பார்வை மங்கும், அப்புறம் மயக்கம். படுத்தால் அந்தத் தொல்லை குறையும், அதற்குப் பதில் மூச்சு முட்டும். 2008-ல் சோயுஸ் என்ற ரஷ்ய விண்கலம் ஒன்று பூமிக்குத் திரும்பும்போது வழக்கத்தைவிடச் செங்குத்தாக இறங்கியதில் உள்ளே இருந்த மூவரும் 8 ஜி-யை அனுபவித்தார்கள், அதுவும் சிறிது நேரம்தான். 20 ஜி-யில் 50 கிலோ பெண் ஒரு டன் கனம். அந்தக் கனத்தில் விலா எலும்பைத் தூக்கி மூச்சு இழுக்க எந்தத் தசையாலும் முடியாது. தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்க வைக்கலாமே என்று தோன்றும். 1958-ல் அமெரிக்கக் கடற்படையில் அப்படி ஒருவர் 31 ஜி வரை தாங்கினார், ஆனால் 5 வினாடிதான். வெளியே தண்ணீர் தாங்கிப்பிடித்தாலும் நுரையீரலுக்குள் இருப்பது காற்றுதானே.

சரி, கணக்கையும் பாருங்கள். செவ்வாய் 8 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி வழி முடுக்கி, மீதி வழி வேகத்தைக் குறைத்தால், 20 ஜி-யில் 11 மணி நேரமே போதும், ஒரு நாள் தேவையே இல்லை. அதே பயணம் வெறும் 1 ஜி-யில் 50 மணி நேரம்! முடுக்கத்தை 20 மடங்கு ஏற்றினாலும் நேரம் நாலரை மடங்குதான் குறைகிறது, அதற்காக அவளை நசுக்க வேண்டுமா? 1 ஜி வேகமுடுக்கத்தை இரண்டு நாள் விடாமல் கொடுக்கும் எஞ்சின் இன்று எங்கும் கிடையாது, அதை நீங்கள்தான் கற்பனை செய்ய வேண்டும். 1 ஜி என்றால் அவள் வீட்டில் நடப்பதுபோலவே கப்பலில் நடப்பாள், சமைப்பாள், தூங்குவாள். இருபத்தைந்தாவது மணி நேரத்தில் எஞ்சினை அணைத்துக் கப்பலைத் திருப்பிப் போடும் அந்தச் சில நிமிடங்கள் மட்டும் எல்லாமே மிதக்கும். உங்கள் கதையின் முக்கியமான காட்சியை அங்கே வையுங்கள்.