கூப்பிட்டால் திரும்பாத பீகிள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் எட்டு மாத பீகிள் இன நாய், ஆண்குட்டி, இருக்கிறான். வீட்டைச் சுற்றி ரப்பர் விளை, அதாவது தோட்டம். கேட் கொஞ்சம் திறந்தால் போதும், பாய்ந்துவிடுகிறான். தொண்டை வற்றக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. போன வாரம் வாயில் ஒட்டுப்பாலோடு (மரத்தில் வடிந்து காய்ந்த ரப்பர்) வந்து நின்றான். இது திமிரா, அண்ணாச்சி?
- ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: திமிர் இல்லைம்மா. இங்கிலாந்தில் முயல் வேட்டைக்குக் கூட்டமாக அவிழ்த்துவிட வளர்த்தெடுத்த இனம் இது, மோப்பம் கிடைத்ததும் ஆளை எதிர்பார்க்காமல் தானே முன்னால் ஓட வேண்டும், பின்னால் வருகிறவன் முகத்தைப் பார்த்து நிற்கக் கூடாது என்றுதான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நாயை வாங்கிவிட்டு ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் எப்படி? மூக்கு தரையில் இருக்கும்போது அதற்குக் காது வேலை செய்யாது, அவ்வளவுதான்.

அதனால் வேலியில்லாத விளையில் அவிழ்த்துவிடவே வேண்டாம். நெஞ்சோடு சேர்த்து மாட்டும் வார் வாங்கி, பத்து மீட்டர் கயிறு கட்டி, தினமும் அதன் போக்கில் மோந்து நடக்க விடுங்கள். நீங்கள் இழுத்துக்கொண்டு ஓடும் ஒரு மணி நேரத்தைவிட, அது நின்று நிதானமாக மோந்து போகும் அரை மணி நேரம் அதைக் களைப்பாக்கும். நடுநடுவே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்ததும் வேகவைத்த கோழி ஈரலில் ஒரு துண்டு கொடுத்து, மறுபடியும் மோக்க விட்டுவிடுங்கள். கூப்பிட்டாலே கட்டிப்போடத்தான் என்று அது புரிந்துகொண்டால் ஜென்மத்துக்கும் வராது. ஓடிப்போய்த் திரும்பி வந்த நாயை அடிப்பதும் அப்படித்தான், அது வந்ததற்குத்தான் அடி விழுந்தது என்றே நினைக்கும்.

ஒட்டுப்பாலை விழுங்கியிருந்தால் குடலில் அடைக்கும் ஆபத்து உண்டு. வாந்தி, சாப்பிட மறுப்பது, மலம் போகாமல் முக்குவது, இதில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட் பக்கமும் விடாதீர்கள், ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட் நாக்கையும் வயிற்றையும் புண்ணாக்கிவிடும். சருகுக்குள் பாம்பு கிடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடித்துவிட்டால் கட்டுப்போட்டு, பச்சிலை அரைத்து நேரத்தைக் கழிக்காமல், விஷமுறிவு மருந்து எங்கே இருக்கிறது என்று போனில் கேட்டுக்கொண்டே வண்டியை எடுங்கள்.

கேள்வி: எங்கள் பீகிளுக்கு நான்கு வயது, 17 கிலோ. சாளை மீன் குழம்பும் சோறும் என்றால் உயிர். எப்போதும் பசித்ததுபோலவே பார்க்கிறது. மாமியார் பாவம் பார்த்துத் தட்டில் போட்டுக்கொண்டே இருக்கிறார்.
- ஒரு வாசகி, குளச்சல்

பதில்: அந்தப் பார்வையை நம்பாதீர்கள். வயிறு நிறைந்த பீகிளும் அப்படித்தான் பார்க்கும். பெரும்பாலான பீகிளுக்கு 9 முதல் 11 கிலோ போதும், உங்களுடையது அதற்கு மேல் பாதி நாயையும் சேர்த்துச் சுமக்கிறது. விலாவில் கை வைத்தால் எலும்பு தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும்.

குழம்பை இன்றோடு நிறுத்துங்கள். காரமும் உப்பும் இருக்கட்டும், அதில் போடுகிற உள்ளியும் (வெங்காயம்) பூண்டும் நாயின் ரத்த சிவப்பணுக்களையே சிதைக்கும். மீன் தரலாம், உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்து. கருவாடு வேண்டாம். ஒரு நாளுக்கான மொத்தச் சாப்பாட்டையும் காலையிலேயே அளந்து ஒரு டப்பாவில் போட்டு மாமியாரிடமே கொடுத்துவிடுங்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் போடட்டும், டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். கொடுக்கும் சந்தோஷம் அவருக்கும் வேண்டுமில்லையா? எடையை மெல்ல மெல்லத்தான் இறக்க வேண்டும், அதற்கு முன் தைராய்டு பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாகர்கோவிலில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு பேரும் வேலைக்குப் போனதும் ஊளையிடுகிறதாம். கீழ்வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவார் போலிருக்கிறது.
- ஒரு வாசகர்

பதில்: கூட்டமாக வாழ்ந்த இனம், தனிமை அதற்கு ஆகாது. அதோடு வேட்டையில் தூரத்தில் இருப்பவனுக்குக் கேட்க வேண்டிய குரல் அது, கீழ்வீட்டுக்குக் கேட்காமல் இருக்குமா! முதலில் கீழ்வீட்டுக்காரரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். அப்புறம் வேலைக்குப் போகுமுன் ஒரு மோப்ப நடை. காலைச் சாப்பாட்டைத் தட்டில் வைக்காமல், பழைய துவர்த்தில் (துண்டில்) பரப்பிச் சுருட்டியும் அறையின் மூலைகளில் ஒளித்தும் வையுங்கள். அமெரிக்க விமான நிலையங்களில் 1984 முதல் பீகிள்களை வைத்துப் பயணிகள் பையில் இருக்கும் பழத்தையும் இறைச்சியையும் கண்டுபிடிக்கிறார்கள், உங்கள் வீட்டு உழைப்பாளிக்கு இது சாதாரணம். விடுமுறை நாளில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று தனியே விட்டுப் பழக்குங்கள். நாள் முழுக்க ஆள் இல்லாத வீடு என்றால், மதியம் ஒருவராவது வந்து போக ஏற்பாடு செய்யாமல் இது முழுதாகத் தீராது.

கேள்வி: மழை தொடங்கினால் காது நாறுகிறது, தலையை உதறிக்கொண்டே இருக்கிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?
- ஒரு வாசகர், தக்கலை

பதில்: விடாதீர்கள். தொங்கும் காதுக்குள் காற்று போகாது, நமக்கோ ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அந்த ஈரத்தில் பூஞ்சை கிளம்பும். எண்ணெய் விட்டால் இன்னும் அடைந்துபோகும். மருத்துவரைப் பார்த்துக் காதுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அவர் தரும் திரவத்தால் துடையுங்கள். பட்ஸை உள்ளே விடக் கூடாது. உதறி உதறிக் காது மடலில் ரத்தம் கட்டிக்கொண்டால் அறுவை சிகிச்சை வரை போகும். எலிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தென்னந்தோப்புக் காவலுக்கு பீகிள் சரிப்படுமா?
- ஒரு வாசகர், ஈத்தாமொழி

பதில்: குரைக்கும். திருடன் கையில் பிஸ்கட் இருந்தால் கூடவே போய்விடும். நாட்டு நாய் வளருங்கள்.