இயற்கைச் சட்டம் என்றால் என்ன? அதை வைத்து நேர்மையாக அரசியல் பேசுவது ஏன் கஷ்டம்?

எழுதின சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மனிதர் யோசித்தே கண்டுகொள்ளக்கூடிய, எல்லாருக்கும் பொதுவான நீதி ஒன்று உண்டு என்ற கருத்துத்தான் இயற்கைச் சட்டம். அநியாயமாகக் கொல்லாதே, கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்பவை அந்த வகை.

சிக்கல், பழகிப்போன சமூக ஒழுங்கையும் ஆட்கள் 'இயற்கை' என்று சொல்லிவிடுவதுதான். கிளுவங் கதியால் (கிளுவை மரத்தின் வெட்டிய கிளை) நட்டு வேலி போட்டால் சில வருடத்தில் வேர்விட்டுத் தழைத்துவிடும். பிறகு பார்க்கிறவருக்கு அது தானாக முளைத்த மரம். எல்லை போட்டது ஆள்தான்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையையே எடுங்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல் எழுத்தில் வந்த தொகுப்பில் காணி, சீதனத்தோடு அடிமைகள் பற்றிய விதிகளும் இருந்தன. 1844 இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. சொத்துரிமை விதிகளை 1911 இல் திருத்தினார்கள். ஆனால் சாதி விலக்குக்கு எதிராக 1957 இல் சட்டம் வந்த பிறகும், 1968 இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் வாசலில், ஒடுக்கப்பட்ட சாதியார் உள்ளே போகப் போராட வேண்டியிருந்தது.

ஒழுங்கால் லாபம் பெறுகிறவர்தான் அதிகமாக 'இயற்கை' என்பார். கேள்வி கேட்டால் முன்னோரைப் பழித்ததாகிவிடும். விவாதம் அங்கேயே செத்துவிடும். 'நீங்கள் மற்றப் பக்கத்தில் பிறந்திருந்தாலும் இந்த விதியை ஒத்துக்கொள்வீர்களா?' என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

'வலியவன் வெல்வான்' என்பது இயற்கைச் சட்டமல்ல: அது நடப்பதைச் சொல்கிறது, இயற்கைச் சட்டம் நடக்கவேண்டியதைச் சொல்கிறது.