இறக்கத்தில் தளரும் முன் பிரேக்

வணக்கம் ஐயா. பினாங்கின் துன் சார்டோன் மலைச்சாலையில் பாயா தெருபோங் பக்கம் இறங்கும்போது ஸ்கூட்டரின் முன் பிரேக் பிடி தளர்ந்து போவதாகவும், வண்டி ஆறியதும் பழையபடி இறுகிவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். பட்டறையில் பிரேக் பேடை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பியது எனக்குக் கவலையளிக்கிறது. ஏனெனில் இந்த அறிகுறி பெரும்பாலும் பிரேக் ஆயிலைச் சார்ந்தது.

அந்த ஆயில் நாளடைவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிரேக் ஆயிலின் தர வகைகளில் ஒன்றான டாட் 4 (DOT 4) புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் அது கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ்கள் உண்டாகி, உங்கள் கை கொடுக்கும் அழுத்தம் டிஸ்க்கைப் பிடிக்காமல் குமிழை நசுக்குவதிலேயே வீணாகிவிடும். கைப்பிடியருகே உள்ள பிரேக் ஆயில் கிண்ணத்தின் சிறு கண்ணாடிச் சாளரத்தில் ஆயில் பழுப்பாகத் தெரிந்தால், கிண்ணத்தின் மூடியில் குறித்துள்ள வகையை வாங்கி முழுவதையும் மாற்றி, குழாயிலுள்ள காற்றையும் வெளியேற்றச் சொல்லுங்கள். மேலே ஊற்றி நிரப்புவது போதாது. பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை இதை மாற்ற வேண்டும்.

முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றியும் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக்கை விட்ட பிறகும் அது இறுக்கமாகச் சுழன்றால் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் சிக்கியிருக்கலாம்; அதுவும் சூட்டைக் கூட்டும். இவை முடியும்வரை தயவுசெய்து அந்த மலைச்சாலையில் ஓட்டாதீர்கள்.