ஃப்ரீஸ் டிரை செய்த சின்ன வெங்காயம் எண்ணெயில் போட்டதும் ஏன் கருகுகிறது? எப்படிச் சமைப்பது?

வெங்காயத்தை உறையவைத்து, காற்றை உறிஞ்சி எடுத்த அறையில் வைத்தால் உள்ளிருக்கும் பனி உருகாமலே ஆவியாகிப் போய்விடும். இதுதான் ஃப்ரீஸ் டிரை. பனி இருந்த இடமெல்லாம் நுண்ணிய ஓட்டைகள். அதனால்தான் பொரி மாதிரி லேசாக இருக்கிறது. ஈரம் பட்டதும் உறிஞ்சுகிறது.

சாதாரண சின்ன வெங்காயத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அது வற்றும்வரை வெங்காயம் 100 டிகிரியைத் தாண்டிச் சூடேறாது. இதில் அந்தத் தண்ணீரே இல்லை. சில நொடியில் கருகிக் கசந்துவிடும்.

தஞ்சாவூர்ப் பக்கத்து வத்தக்குழம்புக்கு, உரித்த வெங்காயம் 100 கிராம் என்றால் இது 20 கிராம் போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் 5 நிமிடம் ஊறவைத்துப் பிழியுங்கள். நல்லெண்ணெயில் கடுகு வெடித்து வெந்தயம் சிவந்தபின் போட்டு, சிறுதீயில் வதக்குங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டவே கூடாது, வாசமும் இனிப்பும் அதில் இறங்கியிருக்கும். அதிலேயே புளியைக் கரையுங்கள். முழு வெங்காயம் கடிபட வேண்டிய வெங்காய சாம்பாருக்கு மட்டும் இது சரிவராது.

ஐப்பசி அடைமழையில் பொட்டலத்தைத் திறந்து வைத்தால் நமத்துவிடும். இறுக மூடும் கண்ணாடி பாட்டிலில் போட்டுவைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுங்கள்.

உலர்ந்த பொருள், எப்போதும் கெடாது என்று பலர் நினைக்கிறார்கள். ஊறவைத்துவிட்டால் அதுவும் நறுக்கிய வெங்காயம்தான், அன்றே சமைத்துவிட வேண்டும்.