கம்ப்யூட்டர் போட்ட கணக்கை மறுபடி எதற்குப் போட வேண்டும்?

கேள்வி: அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். 25 நாள் கதிர்வீச்சு என்றார்கள். ஸ்கேன் எடுத்து ஒரு வாரமாகிறது. "பிளான் ரெடி, பிசிசிஸ்ட் இன்னும் செக் பண்ணவில்லை" என்கிறார்கள். கம்ப்யூட்டர் போட்ட கணக்கில் சரிபார்க்க என்ன இருக்கிறது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பிசிசிஸ்டாக, அதாவது கதிர்வீச்சு அளவைக் கணக்கிட்டுப் பார்க்கும் மருத்துவ இயற்பியலாளராக, என் வேலைக்காலம் முழுக்க இந்தச் சரிபார்ப்பைத்தான் செய்தேன். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் "செக் வேண்டாம், ஆரம்பியுங்கள்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

பனாமாவின் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் 2000 ஆகஸ்ட் முதல் நடந்ததைச் சொல்கிறேன். நல்ல உறுப்புகள் மீது கதிர் படாமல் தடுக்க ஈயக் கட்டிகள் வைப்பார்கள். அங்கிருந்த மென்பொருள் நான்கு கட்டிகளைத்தான் ஏற்கும். ஐந்தாவது தேவைப்பட்டபோது, பல கட்டிகளைச் சேர்த்து ஒரே கட்டிபோல உள்ளிட்டார்கள். அப்படி உள்ளிட்ட ஒரு முறையில், சிகிச்சை நேரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக வந்தது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. திரையில் படமும் ஒழுங்காகவே தெரிந்தது. இடுப்புப் பகுதியில் சிகிச்சை பெற்ற 28 பேருக்கு அளவு மீறிய கதிர்வீச்சு போய்விட்டது. சிலர் அதனாலேயே இறந்தார்கள். 2001 மார்ச்சில்தான் காரணம் தெரிந்தது.

கையால் ஒரு கணக்குப் போட்டிருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். உதாரணமாக, 6 எம்.வி. (கதிரின் வலிமை) கதிர், அது விழும் இடம் 10 செ.மீ. சதுரம், ஒரே திசை. 10 செ.மீ. ஆழத்துக்கு, தோலுக்குச் சற்றுக் கீழே கிடைக்கும் உச்ச அளவில் ஏறக்குறைய 67 சதவீதம்தான் போய்ச் சேரும். அங்கே 200 சென்டிகிரே (உடல் வாங்கும் கதிரின் அலகு) வேண்டுமென்றால், 200-ஐ 0.67-ஆல் வகுங்கள்: சுமார் 300 மானிட்டர் யூனிட் (கருவி விடும் கதிரின் அலகு; அந்த உச்ச அளவில் ஒரு யூனிட்டுக்கு ஒரு சென்டிகிரே என்று வைத்துக்கொள்ளுங்கள்). கம்ப்யூட்டர் 305 என்றால் சரி. 600 என்றால் நோயாளியை மேஜையில் ஏற்றவே கூடாது.

அதே மென்பொருளில் இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்பதை நான் சரிபார்ப்பு என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே தப்பு அதே இடத்தில் திரும்ப வரும். வேறு வழிக் கணக்கு வேண்டும், முடிந்தால் வேறு ஆள் போட வேண்டும். தப்பு கம்ப்யூட்டரில் மட்டும் வருவதில்லை. இங்கிலாந்தின் நார்த் ஸ்டாஃபோர்ட்ஷையரில் 1982-இல் வந்த திட்டமிடும் கம்ப்யூட்டர், தூரத்துக்கான திருத்தத்தைத் தானே செய்துவிடும். அது தெரியாமல் ஊழியர்கள் பழையபடி கையாலும் திருத்தினார்கள். கதிர்வீச்சு குறைந்துபோனது. சுமார் 1,000 பேர் பாதிக்கப்பட்ட பிறகு, 1991-இல்தான் வெளியே வந்தது.

அம்மாவுக்கு ஐ.எம்.ஆர்.டி. (கதிரின் அளவை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைத்துக் கொடுக்கும் முறை) என்றால் கைக்கணக்கு போதாது. வேறொரு மென்பொருளில் போட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் நோயாளி இல்லாமல் கருவியை ஓட்டி, டிடெக்டரில் அளப்பார்கள்.

ஆனால் இதற்கெல்லாம் பொதுவாக ஒரு வாரம் ஆகாது. கருவிக்கு வரிசை நீளமா, பிளான் திருத்தப்படுகிறதா என்று பிசிசிஸ்டையே நேரில் கேளுங்கள். தொடங்கிய பிறகு நடுவில் நாள் விடாதீர்கள். இடுப்புக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் ஓரளவு வயிற்றுப்போக்கு வரலாம். நிற்காமல் போனால், வாரப் பரிசோதனை வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். பனாமாவில் முதலில் தெரிந்த அறிகுறி அதுதான்.