ஆன்லைன் கடைக்குப் பொருள் விவரம் எழுதுவது: கேள்வி பதில்

விவரம் எழுதுவது பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். விளம்பரச் செலவு, டெலிவரி, வரி எல்லாம் என் துறை இல்லை.

"உயர்தரமான, ஸ்டைலான, நீடித்து உழைக்கும் லேப்டாப் பை, 15.6 இன்ச்" என்று எழுதியிருக்கிறேன். பார்க்கிறார்கள், வாங்காமல் போய்விடுகிறார்கள். என்ன குறை?

முதல் மூன்று சொற்களை எடுத்துவிடுங்கள். உலகத்தில் உள்ள எந்தப் பைக்கும் அவை பொருந்தும். மிச்சம் இருப்பது 15.6 இன்ச். அது லேப்டாப் திரையின் மூலைக்கு மூலை அளவு. லேப்டாப்பின் அகலமும் இல்லை, பையின் அகலமும் இல்லை. ஒரே திரை அளவில் ஒல்லியான மாடலும் உண்டு, பின்பக்கம் புடைத்த கேமிங் மாடலும் உண்டு. தன்னுடையது இதில் நுழையுமா என்பதுதான் வாங்குபவரின் ஒரே கவலை. அதற்குப் பதில் இல்லாததால் அடுத்த கடைக்குப் போகிறார்.

டேப்பை எடுத்து லேப்டாப் அறையின் உள்ளளவைப் பாருங்கள். வெளியளவு இங்கே உதவாது. அப்புறம் இப்படி எழுதலாம்:

"லேப்டாப் அறையின் உள்ளளவு 38 × 27 செ.மீ. 3 செ.மீ. தடிமன் வரை நுழையும். அடியிலும் பக்கங்களிலும் நுரை வைத்துத் தைத்தது. சார்ஜருக்கு முன்பக்கம் தனி ஜிப் அறை. வெறும் பையின் எடை 780 கிராம். மழை உறை கிடையாது."

எண்கள் மாதிரிக்குத்தான், உங்கள் பையை நீங்களே அளக்க வேண்டும்.

மழை உறை இல்லை என்று நாமே சொன்னால் வியாபாரம் கெடாதா?

மழை உறை வேண்டும் என்பவர் எப்படியும் அந்தப் பையை வைத்துக்கொள்ளப் போவதில்லை. வாங்கி, பிரித்து, திட்டி, திருப்பி அனுப்புவார். போக வர அனுப்பும் செலவோடு ஒற்றை நட்சத்திர விமர்சனமும் உங்கள் தலையில் விழும். அவர் முன்கூட்டியே விலகுவது உங்களுக்கு லாபம். ஆனால் குறையை மட்டும் அடுக்க வேண்டாம். வாங்குபவர் "இருக்கும்" என்று தானாகவே நினைத்துக்கொள்ளக்கூடிய ஒன்று இல்லையென்றால், அதைச் சொல்லுங்கள்.

எத்தனை வார்த்தை எழுத வேண்டும்?

வாங்குபவரின் சந்தேகம் தீரும் வரை. சாவிக்கொத்துக்கு இரண்டு வரி போதும், தையல் இயந்திரத்துக்கு ஒரு பக்கம் தேவைப்படலாம்.

தயாரிப்பாளர் கொடுத்த விவரத்தை அப்படியே போட்டால் கூகுள் தண்டிக்குமா?

தண்டனை என்று தனியாக இல்லை. ஒரே எழுத்து பல கடைகளில் இருந்தால், தேடலில் பெரும்பாலும் அவற்றில் ஒன்றைத்தான் காட்டும். அது உங்களுடையதாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, தயாரிப்பாளர் போன வருட மாடலின் விவரத்தை அனுப்பியிருக்கலாம். பொருளைக் கையில் எடுத்து, அளந்து எழுதுங்கள்.

ப்ளூடூத் ஸ்பீக்கர் விற்கிறேன். பெட்டியில் ஐபிஎக்ஸ்7 என்று இருக்கிறது. "முழு வாட்டர்ப்ரூஃப்" என்று போடலாமா?

வேண்டாம். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் மூழ்க வைக்கும் சோதனை. சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். கடல் நீர், சோப்பு நீர் எதுவும் அதில் சேராது. எக்ஸ் இருக்கும் இடம் தூசிக்கான எண்ணுக்கு உரியது. அங்கே எக்ஸ் இருந்தால் தூசித் தடுப்பு பற்றி அந்தக் குறியீடு எதையும் சொல்லவில்லை என்று பொருள். "1 மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் வரை தாங்கும், கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம்" என்று எழுதுங்கள்.

குறுக்கிடுகிறேன், சார். 7 என்பது 6-ஐவிடப் பெரியது. அப்படியானால் பீய்ச்சியடிக்கும் தண்ணீரையும் தாங்கும் என்று எழுதலாமே?

எழுதக் கூடாது. இதே தவறைப் பல கடைகளில் பார்க்கிறேன். 6 வரைதான் அந்த எண்கள் படிக்கட்டு மாதிரி: 6 தேறியது 5-ஐயும் தேறியதாகக் கணக்கு. 7, 8 இரண்டும் மூழ்க வைக்கும் சோதனைகள். அவற்றைத் தேறியதால் 5, 6 என்ற பீய்ச்சும் சோதனைகளைத் தேறியதாக ஆகாது. அசையாத தண்ணீரில் கசியாத ஒரு மூடி, வேகமான பீய்ச்சலில் விலகிக்கொள்ளலாம்.

நடைமுறையில் மூழ்கினாலே தாங்குவது ஷவரில் போய்விடுமா? வார்த்தைக்கு வார்த்தை பார்க்கிறீர்கள்.

தாங்கவும் செய்யலாம். ஆனால் சோதிக்காத ஒன்றுக்கு உங்கள் கடையின் பெயரில் வாக்குக் கொடுக்கிறீர்கள். ஸ்பீக்கர் கெட்டுப்போனால் வாங்கியவர் வந்து நிற்பது உங்களிடம்தான். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பவர் பேங்க் 10,000 எம்ஏஎச். "5,000 எம்ஏஎச் போனை இரண்டு முறை முழுதாக ஏற்றும்" என்று போடலாமா?

ஏற்றாது. அந்த 10,000 பெரும்பாலும் உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் சொன்ன கணக்கு, அதாவது மொத்த மின் ஆற்றல் 37 வாட் அவர். 5 வோல்ட்டில் வெளியே வரும்போது அது 7,400 எம்ஏஎச். மாற்றத்தில் போகும் இழப்பு தனி. முழுதாக ஏற்றிய பவர் பேங்கை எடுத்து, ஒரு போனை எத்தனை முறை ஏற்றுகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எத்தனை வார்த்தை இருந்தால் நல்லது?

மேலே சொல்லிவிட்டேன்.

ஏஐ எழுதித் தந்ததைப் போடலாமா?

உள்ளளவு, எடை, துணியின் பெயர் எல்லாம் நீங்கள் கொடுத்து, அதைக் கோத்துத் தரச் சொன்னால் சரி. பொருளின் பெயரை மட்டும் கொடுத்தால் இல்லாத அம்சத்தையும் சேர்த்து எழுதும். வரிக்கு வரி பொருளோடு ஒப்பிடாமல் வெளியிடாதீர்கள்.

குறைந்தது 300 வார்த்தை வேண்டும் என்கிறார்களே?

இது மூன்றாவது முறை. அப்படி ஒரு விதி இல்லை. வார்த்தையை எண்ணும் நேரத்தில் பொருளை அளங்கள்.

படத்துக்கு எந்த லைட் நல்லது?

படம் எடுப்பவரைக் கேளுங்கள்.

ஸ்பீக்கர்காரன்தான் மறுபடியும். பெட்டியின் அடிப்பக்கம் பார்த்தேன், "ஐபிஎக்ஸ்5 / ஐபிஎக்ஸ்7" என்று இரண்டும் இருக்கிறது.

அப்படியானால் இரண்டு சோதனையும் தனித்தனியாகத் தேறியது என்கிறது தயாரிப்பு நிறுவனம். குழாய்ப் பீய்ச்சலும் தாங்கும் என்று இப்போது தாராளமாக எழுதலாம். அந்தக் குறியீடு தெரியும்படி அடிப்பக்கத்தைப் படம் எடுத்து மூன்றாவது படமாகச் சேருங்கள். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி இறுக மூடியிருக்க வேண்டும் என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள்.