கூடாரத்துக்குள் ஈரம்: ஒழுகலா, மூச்சா?

கூடாரம் ஒழுகவில்லை, தையலில் பசை பூசக் கிளம்பிவிடாதீர்கள். காட்டில் தனியாகக் கூடாரம் அடித்துத் தங்கினேன், இரவெல்லாம் மழை, காலையில் உள்துணி முழுக்க முத்து முத்தாக நீர், தூங்குபையின் கால்மாடு மட்டும் நனைந்திருந்தது என்கிறீர்கள். உங்கள் மூச்சின் ஈரம்தான் குளிர்ந்த துணியில் பட்டு நீராகியிருக்கிறது. கால்மாடு அந்தத் துணியில் உரசியிருக்கும்.

சாரலுக்குப் பயந்து காற்றுத் துவாரங்களை மூடியிருப்பீர்கள். நனைந்த காலுறையும் மழைக்கோட்டும் உள்ளேயே கிடந்திருந்தால் கேட்கவே வேண்டாம். வாகமண்ணில் ஓர் ஆடி மாதம் நானும் இதையே செய்துவிட்டு, கூடாரம் விற்றவரை மனதாரத் திட்டியிருக்கிறேன்.

சந்தேகம் தீர, மொட்டைமாடியில் கூடாரத்தை நிறுத்தி, உள்ளே ஆளில்லாமல் 15 நிமிடம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தையலோரம் கோடாகவோ துணி வழியாகவோ ஈரம் உள்ளே இறங்கினால் மட்டுமே ஒழுகல்.

அடுத்த முறை எதிரெதிரே இரண்டு துவாரங்களைத் திறந்து வையுங்கள். மேல்துணி உள்துணியில் ஒட்டாதபடி இழுத்துக் கட்டுங்கள். அடிவிரிப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை ஏந்தி அடியில் சேர்த்துவிடும். மடித்து உள்ளே தள்ளுங்கள்.

ஈரம் காயட்டும் என்று உள்ளே அடுப்பை மட்டும் பற்றவைக்காதீர்கள். அடுப்பு கக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. தனியாகப் போகிறீர்கள், தட்டி எழுப்பவும் ஆளிருக்காது.